பாத்தி கட்டி வளர்த்த நெருஞ்சி

நெருஞ்சியைப் பாத்தி கட்டி, தண்ணீர் தெளித்து, ஆடு ஏறாமல் வேலியும் போட்டு வளர்த்தவன் இந்த அருப்புக்கோட்டை வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது உண்டு என்றால் சொல்லி அனுப்புங்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

விவரம் தெரியாத வயதில் செய்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இரண்டு கண்ணிலும் புரை நீக்கி, உலகத்தை முன்பைவிடத் தெளிவாகப் பார்க்கத் தொடங்கியிருந்த காலம். அந்தத் தெளிவுதான் எல்லா வினைக்கும் காரணம் என்று என் மனைவி ஞானம் இன்றைக்கும் சொல்வாள். கண் மங்கலாக இருந்தவரை நான் தரையைப் பார்த்து நடந்தது தடுக்கி விழாமல் இருப்பதற்காக மட்டுமே. கண் தெளிந்ததும் தரையில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பார்த்த முதல் பொருள் நெருஞ்சிப் பூ.

பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நெருஞ்சி தரையோடு தரையாகப் படர்கிற சின்னச் செடி. புளிய இலையைச் சுருக்கினாற்போல் இலை. விரல் நகம் அளவுக்கு மஞ்சள் பூ, ஐந்தே இதழ். இதுவரை எல்லாம் அழகுதான். பூ உதிர்ந்ததும் காய் வரும். காய் காய்ந்ததும் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள், இரண்டு சின்ன முள். அந்தத் துண்டை எப்படி வீசிப் போட்டாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்த்துத்தான் உட்காரும். (வீசிப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். ஐம்பது முறை வீசிப் பார்த்தேன். ஐம்பது முறையும் அப்படித்தான்.)

எண்ணுவது எனக்குப் பழக்கம். அரசாங்க வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். கிணறு எண்ணினேன், மாடு எண்ணினேன், நரிக்குடிப் பக்கம் ஆடு எண்ணினேன். (ஆடு எண்ணுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை நரிக்குடிக்குப் போய்ப் பார்க்கலாம். கடைசி ஆட்டை எண்ணி முடிப்பதற்குள் முதல் ஆடு குட்டி போட்டிருக்கும்.) ஓய்வுக்குப் பிறகு எண்ணச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை என்பதற்காகப் பழக்கம் நின்றுவிடுமா?

எங்கள் வீடு அருப்புக்கோட்டைக்கு வெளியே, பாலவனத்தம் போகும் பக்கம். வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே கட்டில் போடுகிற அளவுக்கு இரண்டு மடங்கு மண் தரை. அதில் ரோஜா வைத்துப் பார்த்தேன்; போர் தண்ணீரின் உப்பில் ஒரே வாரத்தில் ஓலையாகிவிட்டது. செம்பருத்தி வைத்தேன், ஆடு தின்றது. குரோட்டன்ஸ் வைத்தேன், அது சாகவும் இல்லை, வளரவும் இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. அப்போதுதான் திருச்சுழி ரோட்டோரத்தில் காலை நடை போனவன், புதுக் கண்ணோடு நெருஞ்சிப் பூவைப் பார்த்தேன். உப்பு மண், வெயில், தூசி, லாரிப் புகை. அத்தனைக்கும் நடுவே பளிச்சென்று மஞ்சள். யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த மண்ணிலேயே பிறந்த செடியை விட்டுவிட்டு எதற்காக எங்கிருந்தோ வந்த செடிகளுக்குக் கைகட்டிச் சேவகம் செய்கிறோம்?

இதோடு இன்னொரு ஆர்வமும் சேர்ந்துகொண்டது. பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா, நெருஞ்சிப் பூ சூரியன் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பும் என்று சொல்லியிருந்தார். சூரியகாந்தியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நம் காலடியில் கிடக்கிற இதைப் பற்றி யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா? நிஜமாகவே திரும்புகிறதா, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது? இது தெரியாமல் சாவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விதை சேகரிப்பது சிரமமே இல்லை. பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டோரப் பொட்டலில் ஒரு சுற்று நடந்தால் போதும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கவிழ்த்துக் கொறடால் பிடுங்கினால் ஒரு கைப்பிடி விதை. ஐப்பசி மழை விழுந்ததும் பாத்தி கட்டி ஊன்றினேன். வாசலில் நான் குந்தி உட்கார்ந்து நெருஞ்சிக்குப் பூவாளியால் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்த தெருக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவர்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். நெருஞ்சிக் கஷாயம் கல்லடைப்புக்கு நல்லது அல்லவா? சாருக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தெரு முழுவதும் செய்தி பரவியது. எதிர் வீட்டு அம்மாள் வாழைத்தண்டு கொடுத்தனுப்பினார்கள். மறுக்க மனமில்லாமல் வாங்கிக்கொண்டேன். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் வாழைத்தண்டுப் பொரியல்தான்.

தை மாதம் பூத்தது. காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கிழக்கே பார்த்தபடிதான் பூ விரிந்தது. வெயில் ஏற ஏற முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் உச்சி கடந்ததும் பெரும்பாலான பூக்கள் சோர்ந்து மூடிக்கொண்டன. மேற்கே திரும்புமா திரும்பாதா என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. திரும்புவதற்குள் மூடிக்கொள்கிறதா, மூடாமல் இருந்தால் திரும்புமா? நானே கேட்டுக்கொண்டு நானே தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஞானம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளால் வெளியே வர முடியாது. அந்தத் தை மாதம்தான் மதுரையில் அவளுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றி வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் அவள் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஞானத்தின் அண்ணன் தங்கராஜ் எம்.ரெட்டியபட்டியில் பருத்தியும் கம்பும் போடுகிற சம்சாரி. எனக்கு மச்சான். குரலும் பெரிது, மீசையும் பெரிது, கோபமும் பெரிது. அவர் மகன் கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்று பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கை கழுவுகிற இடத்தில் நின்று, பழக்க தோஷத்தில் எச்சில் இலைகளை எண்ணியிருந்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு. எண்ணியதோடு நின்றிருக்கலாம். பக்கத்தில் நின்ற நாலு சொந்தக்காரர்களிடம் சொல்லவும் செய்தேன். திரும்பினால் பின்னால் மச்சான் நிற்கிறார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஆறு வருஷம்.

தங்கச்சியை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தார். ஆனால் நான் காபி குடிக்கக் கீழே இறங்குகிற நேரம் பார்த்து மேலே ஏறினார், நான் ஏறுகிற நேரம் பார்த்து இறங்கினார். நானும் ஒருநாள் படிக்கட்டில் அவர் முதுகைப் பார்த்தேன்.

ஞானம் வாய் விட்டு எதுவும் கேட்கிறவள் இல்லை. வீட்டுக்கு வந்து, வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் சொன்னாள்.

“கால் நல்லானதுக்கு வீட்டுல ஸ்தோத்திர ஜெபம் வைக்கணும்ங்க. எங்க அண்ணன் கூட்டத்துக்குன்னா வருவாக. எனக்காக வேணாம்னாலும் ஜெபத்துக்கு வராம இருக்க மாட்டாக. வந்தா ஒரு வாய் சாப்பிட்டுப் போகணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

அப்புறம் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, “அதுக்குள்ள அந்தக் கருமத்தப் புடுங்கிப் போட்டுருங்க” என்றாள்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. மச்சானும் வருவதாகச் சொல்லியனுப்பினார். ஞானம் வாக்கரைப் பிடித்துக்கொண்டே நின்று, அண்ணனுக்குப் பிடிக்கும் என்று கருப்பட்டிப் பணியாரத்துக்கு மாவு ஆட்டி வைத்தாள். நான் என் பங்குக்குச் செடியைப் பிடுங்கப் போனேன். போனவன், மேற்கே திரும்புகிற கேள்விக்கு இன்னும் விடை வராததால், பச்சையாக இருந்ததை விட்டுவிட்டுக் காய்ந்த கொடிகளை மட்டும் பிடுங்கினேன். பிடுங்கியதை வாசல் முழுவதும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டேன். விளக்குமாற்றால் கூட்டவும் செய்தேன். பார்வைக்குத் தரை சுத்தமாக இருந்தது. நெருஞ்சித் துண்டு மண் நிறத்தில்தான் இருக்கும் என்பது அந்த வட்டாரத்திலேயே மற்ற எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்து என்ன செய்ய?

கூட்டத்துக்கு முதல் நாள் சபையிலிருந்து ஒரு பெரிய ஜமக்காளம் வந்து இறங்கியது. மடித்தே கிடந்ததில் முடை நாற்றம். மூட்டைப்பூச்சி இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். (எனக்குச் சந்தேகம் வராத பொருள் வீட்டில் குறைவு.) கொடியில் போட்டால் கொடி அறுந்துவிடும் என்று இன்னொரு சந்தேகம். ஆகவே வாசல் மண்ணிலேயே விரித்து, செருப்புக் காலோடு மேலே ஏறி நின்று, தடிக்கம்பை எடுத்து அடித்தேன். தூசி பறந்தது. எனக்கு அப்படி ஒரு திருப்தி. ஒவ்வொரு அடிக்கும், ஒவ்வொரு மிதிக்கும் கீழே கிடந்த முள்ளெல்லாம் நெசவுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மடிக்கும்போது ஒரு முள் விரலில் குத்தியது. எடுத்து எறிந்தேன். ஆயுள் முழுக்க எண்ணிச் சம்பளம் வாங்கியவன், அன்றைக்குப் பார்த்து ஒன்றோடு எண்ணிக்கையை நிறுத்திக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பாதிச் சேதத்தோடு போயிருக்கும். கூட்டத்துக்கு வருகிறவர்களில் முன் வரிசையில் உட்காருகிறவர்கள் எல்லோரும் வயதானவர்கள். டைல்ஸ் தரையில் முழங்கால் போட்டால் வலிக்குமே என்று யோசித்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, முன் வரிசைக்கு எதிரே ஜமக்காளத்தை நாலாக மடித்து மெத்தை மாதிரி நீளமாகப் போட்டு வைத்தேன். நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தால் முழங்கால் மெத்தையில். இந்த ஏற்பாட்டை ஞானமே பாராட்டினாள். (தரையில் கிடந்த பக்கம் எப்படி மடித்தாலும் வெளியேதான் வரும். பிற்பாடு ஒரு துண்டை வைத்து மடித்து மடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வேண்டுமானால் நீங்களும் மடித்துப் பாருங்கள்.)

சனிக்கிழமை சாயங்காலம் மச்சான் வந்தார். வெளுத்த வேட்டி, வெள்ளைச் சட்டை. கூட அவர் மனைவி ரூபி. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சிமெண்டுப் பாதை வழியாக நேராக உள்ளே வந்து, தங்கச்சி தலையில் கை வைத்து, “எப்பிடித்தா இருக்க?” என்று கேட்டார். என் பக்கம் திரும்பவில்லை. முன் வரிசையில் என் நாற்காலிக்கு அடுத்த நாற்காலிதான் காலியாக இருந்தது. ஞானத்தின் வேலை அது. அவர் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பாட்டு முடிந்தது. வேதச் செய்தி முடிந்தது. போதகர், “நம் சகோதரிக்குக் கர்த்தர் செய்த நன்மைக்காக முழங்கால் போடுவோம்” என்றார்.

முன் வரிசை முழுவதும் ஒன்றாகச் சரிந்தோம். போதகரும் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே ஜமக்காளத்தின் மறு ஓரத்தில் இறங்கினார்.

என் முழங்காலில் ஏறியது என்ன என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அத்தனை நெருக்கத்தில் படித்தவன் வேறு எவன்? பெரிய முள் இரண்டு, சின்ன முள் இரண்டு. வலிக்கு முன்னால் பயம் வந்தது. எனக்கு ஏறியிருக்கிறது என்றால் பக்கத்தில் இருப்பவருக்கு?

ஜெபத்தில் கண்ணைத் திறக்கக்கூடாது. அரைக் கண்ணைத் திறந்தேன். மச்சானின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மீசை துடித்தது. அந்த மனிதருக்குப் பாதம் மாட்டுத் தோல் மாதிரி. பருத்திக் காட்டில் செருப்பில்லாமல் நடப்பவர். ஆனால் முழங்கால் எல்லா மனிதருக்கும் ஒரே மாதிரிதான்.

அவர் எழுந்தால் நானும் எழலாம் என்று காத்திருந்தேன். நான் எழுந்தால் தானும் எழலாம் என்று அவர் காத்திருந்தாராம், பிறகு சொன்னார். ஆறு வருஷப் பகை. இரண்டு பேரும் எழவில்லை.

எங்கள் போதகர் ஜெபத்தில் நிதானமானவர். முதலில் உலக நாடுகள், அப்புறம் இந்தியா, அப்புறம் மழை, அப்புறம் சபை, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வீட்டுக்காரரிடம் வருவார். அன்று, “உலக நாடுகளிலே” என்று ஆரம்பித்தவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். அப்புறம் நாடுகளையெல்லாம் ஒரே தாவாகத் தாவி நேராக எங்கள் வீட்டில் வந்து குதித்தார். குரல் ஏறியது, நடுங்கியது, தழுதழுத்தது. பின்னால் வெறுந்தரையில் நிம்மதியாக முழங்கால் போட்டிருந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? போதகருக்கு அன்று விசேஷமான உருக்கம் என்று நினைத்துக்கொண்டு, “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்” என்று அவர்களும் குரலை உயர்த்தினார்கள். ரூபி, “இயேசப்பா” என்று அலறினாள். பின்வரிசையில் ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். மச்சான் பல்லைக் கடித்தபடி, “ஆண்டவரே, சீக்கிரம்” என்றார். அதற்கும் யாரோ ஆமென் சொன்னார்கள்.

எங்கள் சபை வரலாற்றிலேயே அத்தனை சின்ன ஜெபமும் கிடையாது, அத்தனை அனலான ஜெபமும் கிடையாது.

ஆமென் சொல்லி வாய் மூடுமுன் முன் வரிசை மொத்தமும் எழுந்தது. வெள்ளை வேட்டிகளில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளி. போதகர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வரிசையில் முழங்கால் தப்பித்தது ஒருத்திக்கு மட்டும்தான். ஞானம் முழங்கால் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், புது மூட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து எங்களைத் திகைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் வேட்டியைத் தூக்கி, முழங்காலிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயுள் முழுவதும் காட்டில் அவர் களை எடுத்துப் போடுகிற சாமான்.

“நெருஞ்சி” என்றார். “டைல்ஸ் போட்ட வீட்டுக்குள்ள நெருஞ்சி எப்பிடி வரும்? யாரோ கொண்டாந்து போட்டாத்தான் வரும்.”

அந்த யாரோ யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ரூபியிடம், “செருப்ப எடு, கெளம்புவோம்” என்றார்.

ஞானம்தான் பேசினாள்.

“அண்ணே, அவுக வேணும்னு செய்யல. அவுகளுக்கு வேணும்னு செய்யவெல்லாம் தெரியாது. வளத்தாக.”

“எத?”

“நெருஞ்சியத்தான். பாத்தி கட்டி, தண்ணி ஊத்தி.”

மச்சான் ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். கோபத்தோடு இல்லை. காட்டில் புது மாதிரிப் பூச்சி ஒன்றைப் பார்த்தால் சம்சாரி எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார்.

“வெலைக்கு மருந்து வாங்கி அடிச்சு நாங்க கொல்லுறோம். இவரு தண்ணி ஊத்துனாராக்கும்?”

அவர் வாசலுக்குப் போக இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் கால் மடங்க மறுத்தது. முள் நுனி உள்ளே ஒடிந்து நின்றிருந்தது. இந்தக் காலோடு பஸ்ஸில் ஏற முடியாது. அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்:

“எடுங்க.”

நான்தான் எடுத்தேன். பூதக்கண்ணாடி, ஊக்கு, டார்ச் லைட்டு எல்லாம் என்னிடம்தான் இருந்தன. எல்லாம் பூ பார்ப்பதற்காக வாங்கியது. அவர் காலடியில் உட்கார்ந்து ஊக்கை நெருப்பில் காட்டி, ஒவ்வொரு நுனியாகக் கிளறி எடுத்தேன். என் முழங்காலிலும் முள் இருந்தது. அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கலையாமல் சுற்றி நின்று பார்த்தார்கள். போதகர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து தன்னுடையதைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மச்சான், எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

“எண்ணிக்கிட்டே எடுங்க மாப்ள. எண்ணுறதுதான் ஒங்களுக்கு நல்லா வருமே.”

சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கல்யாணக் கதை தெரியும். ஒருவர் இருமினார். நான் தலை நிமிரவில்லை. ஆனால் அவர் ‘மாப்ள’ என்று சொன்னதை ஞானம் கவனித்துவிட்டாள். வாக்கரை இறுகப் பிடித்தபடி எனக்கு எதிரே வந்து நின்றுகொண்டாள்.

எடுத்து முடித்தேன். வலது காலில் மூன்று, இடது காலில் இரண்டு. சின்னத் தட்டில் ஐந்து முள் நுனி கிடந்தது. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

“எத்தன?” என்றார் மச்சான்.

நான் வாயைத் திறந்தேன். ஐந்து என்பது எத்தனை சின்ன எண்ணிக்கை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து முள்ளுக்காகவா ஒரு பெரிய மனுஷன் ஜெபத்தில் கெஞ்சினார், ஐந்து முள்ளுக்காகவா ஊர் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்? எதிரே ஞானத்தைப் பார்த்தேன். அவள் எதுவும் சைகை காட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

“பன்னெண்டு மச்சான்” என்றேன்.

கூட்டத்தில் ஒரு ‘உச்’ எழுந்தது.

“பன்னெண்டா?”

“கூடவே இருக்கும். ஒண்ணு ரெண்டு தோலுக்கு அடியில நிக்கிற மாதிரி தெரியுது.”

தட்டைக் கையால் மூடிக்கொண்டேன். அவர் என்னையும் பார்த்தார், தட்டையும் பார்த்தார். ஐந்துக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை. வருஷா வருஷம் பருத்தி மூட்டை எண்ணுகிறவர். கொஞ்ச நேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“நானும் நெனச்சேன். வலி அப்பிடித்தான் இருந்துச்சு” என்றார். பிறகு வாசலைப் பார்த்து, “ரூபி, செருப்ப அங்கனயே போடு. பணியாரம் வச்சிருக்காளாம்ல.”

ஞானம் அன்று இரண்டு கல் பணியாரம் கூடுதலாகச் சுட்டாள். மச்சான் எத்தனை சாப்பிட்டார் என்று கேட்காதீர்கள். எண்ணவில்லை. நிஜமாகவே எண்ணவில்லை.

கால் மடங்காததால் அன்று எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். மறுநாள் விடிந்து, நான் வழக்கம்போல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மச்சான் நொண்டிக்கொண்டு வந்து பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டார். அப்படி என்னதான் பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவரும் பார்த்தார். கிழக்கே பார்த்து விரிந்த பூ, வெயில் ஏற ஏற முகத்தைத் தூக்கியது. டீ வந்தது, குடித்தோம். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் புறப்படும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை.

“அம்பது வருசமா இதப் புடுங்குறேன். பூவ இப்பத்தான் பாக்குறேன்” என்றார்.

என் ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்று எனக்கு நெஞ்சு விம்மியது. மேற்கே திரும்புகிற பிரச்சினையை எடுத்து வைக்க வாயைத் திறந்தேன்.

“பாத்தாச்சுல்ல?” என்று எழுந்தார். “களக்கொத்தி எங்க இருக்கு?”

அரை மணி நேரத்தில் பாத்தி வெறும் மண்ணாகிவிட்டது. அடுத்த ஐப்பசியில் அதே மண்ணில் ஒரு மூலையில் இரண்டு தளிர் எட்டிப் பார்த்தது. பழைய வேரா, உதிர்ந்த விதையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சில இடங்களில் இது வேரோடு வருஷக்கணக்கில் உயிர் வைத்திருக்கும் என்கிறார்கள். அவற்றைப் பெயர்த்து மொட்டை மாடியில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் வைத்திருக்கிறேன். ஞானம் சம்மதித்தாள். மாடியில் ஒருபோதும் ஜெபக்கூட்டம் வைக்கக்கூடாது என்பது நிபந்தனை.

இப்போது மச்சான் மாதம் ஒருமுறையாவது வருவார். எந்த வீட்டு விசேஷமானாலும் நெருஞ்சிக் கதையை அவர்தான் சொல்வார். பன்னிரண்டு அடுத்த வருஷமே இருபதாயிற்று. அவர் பேத்தி ஞானஸ்நானத்தில் நாற்பது. போன தையில் நடந்த ஒரு கல்யாணத்தில் நூற்றுக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் என் பக்கம் கையைக் காட்டி, “நான் சொன்னா நம்ப மாட்டீக. மாப்ளயக் கேளுங்க, எண்ணுனவரு அவருதான்” என்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். எண்ணுகிற தொழிலுக்கு நான் செய்கிற துரோகம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. அன்று அந்த முன் வரிசையில் இருந்தவர்கள் எவரும் அதன் பிறகு எந்த வீட்டிலும் சும்மா முழங்கால் போடுவதில்லை. குனிந்து, உள்ளங்கையை விரித்து, பாயை அழுத்தி ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். அவர்களைப் பார்த்து அடுத்த வரிசை, அடுத்த வரிசையைப் பார்த்துப் பிள்ளைகள். இப்போது எங்கள் சபையில் காரணம் தெரியாமலேயே எல்லோரும் தடவுகிறார்கள்.

சமீபத்தில் புதிதாக ஒரு போதகர் மாற்றலாகி வந்தார். இளைஞர். இரண்டு மூன்று வீட்டுக் கூட்டங்களில் இதைக் கவனித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் எடுத்துப் பேசினார். பல ஊர்களில் ஊழியம் செய்திருப்பதாகவும், முழங்கால் படியிடுமுன் அந்த இடத்தைத் தொட்டு வணங்குகிற இந்த மாதிரித் தாழ்மையை வேறு எங்கும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். நம் முன்னோர்கள் எவ்வளவு ஆழமான அர்த்தத்தோடு இதை ஏற்படுத்தியிருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார்.

எனக்கு உடம்பு கூசியது. பிரசங்கம் முடிந்ததும் அவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் முறை என்று எழப்போனேன். ஞானம் என் சட்டைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சொல்லிராதீங்க” என்றாள். “நல்லாத்தான இருக்கு.”